ஆங்கிலத் தேர்வு விடைத்தாளைப் பழுது பார்ப்பது எப்படி?

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் யாரும் உடனே புது மோட்டார் வாங்குவதில்லை. மின்சாரம் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஃபுட்வால்வில் குப்பை அடைத்துக்கொண்டதா, தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தில் இந்த வரிசை தெரியாத விவசாயி இல்லை. அதே அப்பா, திருப்புதல் தேர்வு முடிந்து மகளின் ஆங்கில விடைத்தாளோடு என்னிடம் வரும்போது மட்டும், "இவளுக்கு ஆங்கிலமே வரவில்லை சார், முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்.

முதலிலிருந்து தொடங்கப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் நேரம் கிடையாது. தேவையும் கிடையாது. ஒரு விடைத்தாளில் முப்பது சிவப்பு வட்டங்கள் இருந்தால், பிரித்துப் பார்க்கும்போது மூன்று நான்கு வகைத் தவறுகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் வழி பிரியும் இடத்தில் நடப்பவை. ஆகவே பழுது பார்க்கும் கருவியும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்தான். இருபது ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் ஆகிய மூன்று விடைத்தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறான ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே வரும் குறிகளில் அது எந்த வகை என்று பக்கத்தில் குறியுங்கள். எண்ணிக்கையில் முதலில் நிற்கும் இரண்டு வகைகளை மட்டும் முதல் இரண்டு வாரங்களுக்கு எடுத்துக்கொண்டால் போதும். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் காதே பாதித் தவறைப் பிடித்துவிடும்.

குறி: 'மை ஃபாதர் எ ஃபார்மர்' என்று எழுதுகிறான், 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்றும் எழுதுகிறான்

ஒரு வாக்கியத்தில் 'இஸ்' காணோம். அடுத்ததில் தேவையில்லாத 'ஆம்' வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே பழுது.

'என் அப்பா விவசாயி. எங்கள் ஊர் பாலக்கோடு. இன்று தக்காளி விலை குறைவு.' இந்த மூன்று தமிழ் வாக்கியங்களிலும் வினைச்சொல் கிடையாது. தமிழ் இலக்கண வகுப்பில் இதற்குப் பெயர்ப் பயனிலை என்று பெயர். ஆங்கிலத்தில் வினைச்சொல் இல்லாமல் முழு வாக்கியம் நிற்காது. ஆகவே தமிழில் பெயர்ப் பயனிலை வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'இஸ், ஆம், ஆர், வாஸ், வேர்' ஐந்தில் ஒன்று வந்தாக வேண்டும். தமிழில் வினைப் பயனிலை வந்தால் ஆங்கில வினைச்சொல்லே போதும். அதற்கு முன் 'ஆம்' வேண்டுமானால் வினைக்குப் பின்னால் 'இங்' ஒட்டியிருக்க வேண்டும்.

'ஐ ஆம் கோ' எப்படி வந்தது? பால்வாடி வயதிலிருந்து பிள்ளை கேட்டது 'ஐ ஆம்' என்ற சேர்க்கையைத்தான். அவன் மனத்தில் 'நான்' என்பதற்கு ஆங்கிலமே 'ஐ ஆம்' என்று பதிந்துவிட்டது. 'நான் என்பது ஐ மட்டும்' என்று ஒரு முறை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், அவன் கண் விரிவதைக் காணலாம்.

பயிற்சி எளியது. பத்துத் தமிழ் வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'பெ' அல்லது 'வி' என்று குறித்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சி பொருந்தும். அந்த மொழிகளிலும் 'அப்பா விவசாயி' என்று வினையில்லாமல் சொல்லலாம்.

குறி: 'ஷி கோ', 'மை மதர் குக்', திருத்தினால் 'டஸ் நாட் கோஸ்'

தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஒவ்வோர் ஆளுக்கும் விகுதி மாறுகிறது. ஆங்கிலத்தில் ஒரே இடத்தில்தான் மாறும்: அவன், அவள், அது, அல்லது ஒருமைப் பெயர் எழுவாயாக வரும் நிகழ்காலத்தில். மாற்றம் அவ்வளவு குறைவாக இருப்பதாலேயே அது கண்ணில் படுவதில்லை.

வாக்கியத்துக்கு ஒரு 'எஸ்' என்று கணக்கு வையுங்கள். 'டஸ்' வந்துவிட்டால் அந்த 'எஸ்' அதற்குள் போய்விட்டது. வினைக்கு மீதி இல்லை. 'டிட்' வந்தால் இறந்தகாலம் அதற்குள் போய்விட்டது. 'டிட் நாட் வென்ட்' தவறு, 'டிட் நாட் கோ' சரி. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளை மறுபடி விழுவது அபூர்வம்.

குறி: பயிற்சிப் புத்தகத்தில் எல்லாம் சரி, தேர்வில் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்றாலே தாவிப் போகிறாள்

இந்தக் குறிக்கு நான் மிகுந்த நேரம் கொடுப்பேன். இங்கே நடப்பது வீண் பயம் என்று உறுதியாகத் தெரியும். தமிழ்த் தேர்வில் செய்வினை, செயப்பாட்டு வினை, நேர்க்கூற்று, அயற்கூற்று, தனிநிலை, தொடர்நிலை, கலவைத் தொடர் எல்லாவற்றையும் அவள் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ஆங்கிலத் தாளில் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். இரண்டு ஆசிரியர்கள் இரண்டு பாடவேளைகளில் நடத்துவதால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் செயப்பாட்டு வினை. 'அவர்கள் தக்காளியை லாரியில் ஏற்றினார்கள்' என்பது 'தக்காளி லாரியில் ஏற்றப்பட்டது' ஆகிறது. தமிழில் 'பட்டது' என்றால் ஆங்கிலத்தில் 'வாஸ்' அல்லது 'வேர்'. 'படுகிறது' என்றால் 'இஸ்' அல்லது 'ஆர்'. 'ஏற்றப்படும்' என்றால் 'வில் பி'. 'ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்று நீண்டால் 'இஸ் பீயிங்'. 'ஏற்றப்பட்டிருக்கிறது' என்றால் 'ஹாஸ் பீன்'. 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபு 'பை' ஆகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். 'தி டொமேட்டோஸ் வேர் லோடட்.' வாக்கியத்தை முதலில் தமிழில் மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் பத்து நாளில் வந்துவிடுகிறது. ஓர் எச்சரிக்கை: 'வருத்தப்பட்டான்', 'கஷ்டப்பட்டாள்' என்பவை செயப்பாட்டு வினை ஆகா. 'யாரால்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது.

எந்த வாக்கியத்தை மாற்ற முடியும், எதை முடியாது என்ற குழப்பமும் இங்கேயே தீரும். 'எதை? யாரை?' என்று கேட்டால் விடை வர வேண்டும். 'அவன் தூங்கினான்' என்பதில் எதை என்று கேட்க வழியில்லை. செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஆங்கிலத்திலும் மாற்றம் கிடையாது.

இத்தனையும் செய்த பிறகும் தவறு வந்தால் பழுது வேறிடத்தில் இருக்கிறது: வினையின் மூன்றாம் வடிவம் தெரியவில்லை. அதற்கு மனப்பாடம்தான் வழி. ஆனால் அகர வரிசையில் படிக்க வேண்டாம். ஓசைக் குடும்பமாகச் சேர்த்துப் படித்தால் ஒட்டிக்கொள்ளும். மாறாத குடும்பம்: கட், கட், கட், புட், புட், புட், ஹிட், ஹிட், ஹிட். 'ஆட்' குடும்பம்: ப்ரிங், ப்ராட், ப்ராட், பை, பாட், பாட், டீச், டாட், டாட். மூன்றும் மாறும் குடும்பம்: சிங், சேங், சங், ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். ஒரு நாளைக்கு ஆறு போதும்.

அயற்கூற்று இன்னும் எளிது. "நான் நாளை இங்கே வருகிறேன்" என்று முருகன் சொன்னதை, 'தான் மறுநாள் அங்கே வருவதாக முருகன் கூறினான்' என்று தமிழில் மாற்றுகிறோம். நான் என்பது தான் ஆயிற்று, நாளை மறுநாள் ஆயிற்று, இங்கே அங்கே ஆயிற்று. ஆங்கிலமும் இதையே செய்கிறது: 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே', 'ஹியர்' என்பது 'தேர்'. புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்: 'செட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கினால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போன்ற என்றும் உள்ள உண்மைக்கு அந்த மாற்றமும் இல்லை.

வினா வாக்கியத்தில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. "நீ வருவாயா?" என்பதன் கடைசி 'ஆ'வைப் பாருங்கள். அந்த 'ஆ' இருந்தால் 'இஃப்' அல்லது 'வெதர்'. 'எங்கே, எப்போது, ஏன்' இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பாகும், 'இஃப்' வேண்டாம். அதற்குப் பிறகு வாக்கியம் வினா வடிவை விட்டுச் சாதாரண வரிசைக்குத் திரும்ப வேண்டும். 'ஹி ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங்' தவறு. 'வேர் ஐ வாஸ் கோயிங்' சரி. கடைசியில் கேள்விக்குறி போடாதீர்கள்.

வாக்கிய வகை மாற்றத்தில் ஒரே நோய்: 'தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' சேர்ப்பது. 'மழை பெய்தாலும், ஆனால் பள்ளி நடந்தது' என்று பேச்சில் சொல்லும் வழக்கம் அப்படியே இறங்குகிறது. இரண்டு வாக்கியங்களை இணைக்க ஓர் இணைப்புச் சொல் போதும். 'பிகாஸ்' வந்தால் 'சோ' வெளியே போக வேண்டும்.

குறி: 'எ', 'ஆன்' எங்கே என்று தெரியாமல் ஊகத்தில் போடுகிறான்

'ஏ, இ, ஐ, ஓ, யு வந்தால் ஆன்' என்று கற்றதுதான் காரணம். விதி எழுத்தைப் பற்றியது இல்லை, ஓசையைப் பற்றியது. ஓசையை எழுதத் தமிழ் எழுத்து இருக்கும்போது நாம் ஏன் தடுமாற வேண்டும்? அந்தச் சொல்லைக் கேட்கிறபடி தமிழில் எழுதுங்கள். தமிழ் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. மெய்யின் ஓசையில் தொடங்கினால் 'எ'. மணி நேரத்துக்கான சொல் 'அவர்', ஆகவே 'ஆன் அவர்'. 'ஆன் எம்.எல்.ஏ.' 'எ யூனிவர்சிட்டி', ஏனெனில் அது 'யூ' என்ற உயிர்மெய்யில் தொடங்குகிறது. 'ஒன் ருபி நோட்' என்பதன் உச்சரிப்பு 'வன்' என்று தொடங்குவதால் 'எ'. நம் பக்கத்தில் 'எம்.எல்.ஏ.'வை 'யெம்மெல்லே' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அந்த 'ய'வை நம்பி 'எ' போட்டுவிடக் கூடாது.

குறி: 'இன், ஆன், அட்' மூன்றும் கலந்து கிடக்கின்றன

'பஸ்ஸில், மேசையில், பள்ளியில், திங்கட்கிழமையில்' என்று தமிழ் 'இல்' என்ற ஓர் உருபை எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையை மூன்று சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. காலத்துக்கு, பெரியது முதல் சிறியது வரை படிக்கட்டு போல வைத்துக்கொள்ளலாம்: ஆண்டும் மாதமும் 'இன்', தேதியும் கிழமையும் 'ஆன்', மணி 'அட்'. என் வகுப்பில் இதை ஊர் வரலாற்றை வைத்தே பழக்குகிறேன். தருமபுரி மாவட்டம் 'இன் 1965' உருவானது. தேதியோடு சொன்னால் 'ஆன் 2 அக்டோபர் 1965'. கிருஷ்ணகிரி பிரிந்தது 'இன் 2004', தேதியோடு 'ஆன் 9 பிப்ரவரி 2004'. ராஜாஜி 'ஆன் 10 டிசம்பர் 1878', ஓசூருக்குப் பக்கத்தில் 'இன் தொரப்பள்ளி' பிறந்தார். தெரிந்த ஊரின் தேதிகள் மறப்பதில்லை, அவற்றோடு ஒட்டிய சொல்லும் மறப்பதில்லை.

'டிஸ்கஸ் அபவுட்', 'ரீச்ட் டு', 'மேரீட் வித்' மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'பற்றி', 'க்கு', 'ஓடு' என்ற நம் சொற்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவை அவை. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு வேண்டாம்.

குறி: எழுத்துப் பிழையால் ஒரு மதிப்பெண் வினாக்களிலும் நழுவுகிறது

கெட்டது, மட்டை, திண்டு, தட்டுவது ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லித் தமிழில் எழுதினால் நான்கும் 'பேட்' ஆகிவிடும். தமிழ் எழுத்து இந்த ஓசை வேறுபாடுகளைக் காட்டாது. 'ஆன்' விஷயத்தில் உதவிய தமிழ் எழுத்து இங்கே உதவாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆங்கிலப் பாடங்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். தினமும் பத்துச் சொல் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சி. தவறியதை மட்டும் மறுநாள் மீண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

குறி: கடிதம் மனப்பாடம், தேர்வில் வேறு தலைப்பு வந்தால் வெற்றுத்தாள்

'ஏற்காடு சுற்றுலா பற்றி நண்பனுக்கு' என்று மனப்பாடம் செய்தவள், தெருவிளக்கு வேண்டி அலுவலருக்கு எழுதச் சொன்னால் நின்றுவிடுகிறாள். கடிதத்தில் சட்டம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளிப்பு, முடிப்பு, உறைமேல் முகவரி ஆகியவை எந்தத் தலைப்புக்கும் மாறாதவை. உள்ளே ஒன்றுமே வராவிட்டாலும் இவற்றைச் சரியாக எழுதினால் கொஞ்சம் மதிப்பெண் நிற்கும். நண்பனுக்கு எழுதினால் பெறுநரும் பொருளும் மட்டும் வேண்டாம். வினாவில் பெயர் தரப்படாவிட்டால் உங்கள் சொந்தப் பெயரையும் ஊரையும் எழுதவே கூடாது.

உள்ளடக்கத்துக்கு நான்கு வாக்கியங்கள் போதும்: என்ன குறை, எத்தனை நாளாக, யாருக்கு என்ன துன்பம், என்ன செய்ய வேண்டும். உண்மையான குறையையே எழுதச் செய்யுங்கள். மாலை வகுப்பு முடிந்து இருட்டில் நடந்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கைப் பற்றி எழுத நான்கு வாக்கியங்கள் இல்லாமல் போகுமா? முதலில் தமிழில் சொல்லட்டும், குறுக்கட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். சிறிய வாக்கியம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. நீண்ட வாக்கியம் உடைந்தால் இல்லை.

அறிவிப்பு, விளம்பரம் இரண்டுக்கும் கட்டம் போட்டு, தலைப்பைப் பெரிதாக எழுதி, தந்த குறிப்புகள் அனைத்தையும் சேர்த்தால் முடிந்தது.

வழிகாட்டும் வரைபட வினாவில் இடமும் வலமும் மாறிப்போவதுதான் சிக்கல். தாளையே நடக்கும் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள வழியை ஒரு முறை எழுதிப் பார்த்த பிள்ளைக்கு இந்த மதிப்பெண் கைக்குள்.

குறி: கைடில் உள்ளதை ஒப்பிக்கிறான், மதிப்பெண் வருவதில்லை. எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எப்படிச் சோதிப்பது?

அம்மாக்கள் இதைத் தயக்கத்தோடு கேட்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஆங்கிலம் தெரியாமலே சோதிக்கலாம். பிள்ளை எழுதிய பக்கத்தில் ஏதாவது ஒரு வரியில் விரல் வைத்து, "இதற்குத் தமிழில் என்ன அர்த்தம், கண்ணு?" என்று கேளுங்கள். உடனே சொன்னால் அது அவன் எழுதியது. விழித்தால் அது கைடு எழுதியது. ஒரு நாளைக்கு ஐந்து வரி கேட்டால் போதும். இரண்டாவது சோதனை: நோட்டை மூடிவிட்டு, இன்று பள்ளியில் நடந்ததை மூன்று ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதினான் என்பது புரியாவிட்டாலும், எழுத எத்தனை நேரம் பிடித்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் வாரந்தோறும் குறைகிறதா என்று பாருங்கள்.

குறி: எல்லாம் தெரிந்தும் நேரம் போதவில்லை

தாள் 100 மதிப்பெண், நேரம் மூன்று மணி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் பகுதிக்கு 20. ஐந்து மதிப்பெண் பகுதிக்கு 50. எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 16. தேர்ச்சிக்கு 35. நேரம் போதாதவர்கள் பெரும்பாலும் உரைநடைப் பத்தி ஒன்றைப் பக்கக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர்கள். பாதி மதிப்பெண் ஐந்து மதிப்பெண் பகுதியில் இருக்கிறது. கடிதம், அறிவிப்பு, விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுதல், மனப்பாடப் பாடல் எல்லாம் அங்கேதான். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் கடிகாரத்தை வைத்து இரண்டு முழுத் தாள்களையாவது எழுதிப் பார்க்காமல் தேர்வு அறைக்குள் அனுப்பாதீர்கள்.

கடைசிப் பத்து நிமிடம் திருப்பிப் பார்க்க. அப்போது எல்லாத் தவறுகளையும் தேட வேண்டாம். நோட்டில் முதலில் நின்ற அந்த இரண்டு வகைகளை மட்டும் தேடட்டும். 'எஸ்' மறப்பவள் ஒவ்வொரு வினையாக விரல் வைத்துப் போகட்டும். 'இஸ்' மறப்பவன், கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை எங்கே என்று கேட்டுக்கொண்டே போகட்டும்.